கோரைக்கிழங்கும் வீக்கமும்

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்திலுள்ள பூவராகப் பெருமாள் கோயிலில், கோரைக்கிழங்குப் பொடியோடு சர்க்கரையும் நெய்யுங் கூட்டிப் பிடித்த உருண்டை பிரசாதமாகத் தரப்படுகின்றது. வராகத்திற்கு உகந்த உணவு கோரை என்பது கருத்து. பன்றி இக்கிழங்கை அகழ்ந்துண்ணுதலை உழவர் யாவரும் அறிவர். தாய்லாந்து நாட்டு மருத்துவரும் இதனைக் கையாளுகின்றனர். அவர் இடும் பெயர் ‘ஹேவ் மூ’. ‘மூ’ என்பது அவர் மொழியிற் பன்றி. கடல் கடந்த இரு நாட்டாரும் பன்றியைக் கொண்டே இக்கிழங்கை அறிந்தமை எமக்குப் பெருவியப்பளித்தது.

வயலிலோ கோரை உழவர்க்குப் பெரும்பகை. மண்ணுள் சங்கிலிபோற் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் ஒன்று எஞ்சினும் மீண்டும் தழைக்கும். கொத்தி வரப்பில் எறிந்த அதனையே நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விலை கொடுத்து வாங்குகின்றோம்! சித்த மருத்துவர் இதனைக் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் கொடுப்பர்.

இனி, வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் இதற்கு உண்டோ என்பதை ஆராய்வாம். அடிபட்ட இடம் சிவந்து, வெதும்பி, வீங்கி, நோதல் உடலின் தற்காப்பேயாகும். ஆண்டுப் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் தோன்றிக் குருதியை மிகுவிக்கின்றது. ஆஸ்பிரின் அப்பொருள் தோன்றாவாறு தடுக்கின்றது என்பதை ஜான் வேன் என்னும் அறிஞர் 1971இல் விளக்கினார். 1982இல் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றார். அதே 1971இல் இந்திய ஆராய்ச்சியாளர் சிலர், கோரைக்கிழங்கின் சாரம் எலிகளின் வீக்கத்தையும் காய்ச்சலையும் தணித்தலைக் கண்டு வெளியிட்டனர். கிழங்கின் எண்ணெயிலுள்ள ஆல்பா சைப்பெரோன், புராஸ்டாகிளாண்டினை ஆக்கும் நொதியைக் குறைத்தல் பின்னர் உயிரணுக்களில் காணப்பட்டது. எனினும், எலியிற் கண்டது மனிதர்க்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது.

எம் பாட்டியார் முழங்கால் வீங்கியபொழுது இக்கிழங்கை அரைத்துப் பற்றிட்டார். மூன்று நாளில் வீக்கம் வற்றியது. அது கிழங்கின் பயனோ, அம்மூன்று நாளும் அவர் நடவாதிருந்ததன் பயனோ, சொல்லுதற்கரிது. பாட்டியார்க்கு ஐயமே இல்லை. மறு ஆண்டு காலில் சீழ்கொண்ட புண்ணுக்கும் அதனையே நம்பிப் பத்து நாள் கழித்தார். வீக்கத்தைத் தணித்தல் வேறு; சீழை விளைக்கும் கிருமியை அழித்தல் வேறு. அதனை யாமும் அன்று அறிந்திலோம்; அரைத்துக் கொடுத்த கை எமதே. மருத்துவரிடம் சென்ற பின்னரே அவர்க்கு நீரிழிவு உண்டென்பது தெரிந்தது. ஒரு விரலை எடுக்க நேர்ந்தது.