கையெழுத்து வாங்கும் முன்னால்

சேவூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுவது. போனில் சொன்னால் "சரிங்க அப்புச்சி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வார்டுக்குப் பேசினாயே, "நாலாம் பெட் கால் கேஸ் இன்னும் கையெழுத்துப் போடலையா? சீக்கிரம் வாங்குங்க" என்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை சாமி. ராத்திரி பகலாக டூட்டி பார்க்கிற பிள்ளைக்கு அலுப்பு வராதா? கன்னமெல்லாம் ஒட்டிப்போய்த்தான் வந்தாய். அந்த அலுப்பு பேச்சில் குடியேறிவிடக் கூடாதே என்றுதான் பயம்.

உன் மாமன் கதையை நாங்கள் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. துணி காம்பாக்டிங் மெஷின் ரோலரில் அவன் கை சிக்கிய அன்று, தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் என் முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். என்ன செய்யப் போறீங்க என்று கேட்டேன். "டைம் இல்லைங்க, இங்க போடுங்க" என்றார்கள். கையை எடுத்தது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அவனிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து, போர்வையை விலக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இப்போதும் மெஷின் சத்தம் கேட்டால் அவனுக்கு வேர்த்துவிடுகிறதே, அது எந்த எக்ஸ்ரேயில் தெரியும்?

கங்கா ஆஸ்பத்திரி ஸ்கோரைப் பற்றி நீ படிக்கையில் எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 1978ல் டாக்டர் சண்முகநாதன் கோயமுத்தூரில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. மகன்களில் ராஜசேகரன் எலும்பு டாக்டர், ராஜசபாபதி பிளாஸ்டிக் சர்ஜன். நொறுங்கிப்போன காலைக் காப்பாற்றலாமா, எடுப்பதா என்று பார்க்க அங்கே ஒரு கணக்கு வகுத்து 2006ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை நரம்பு மூன்றுக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை. 65 வயது தாண்டினால் 2, அடிபட்டு 12 மணி நேரத்துக்கு மேலானால் இன்னொரு 2. மொத்தம் 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம், 17 வந்தால் எடுப்பதே மேல். 15, 16 வந்தால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு என்றாய். எனக்கு அன்றைக்கே அது மனசில் தைத்தது. அவ்வளவு கணக்குப் பார்த்தவர்களே அந்த இரண்டு எண்ணை ஆளுக்கென்று விட்டிருக்கிறார்கள். அவன் தறி ஓட்டுகிறவனா, மரம் ஏறுகிறவனா, வரிசையாக ஆபரேஷன் செய்தால் தாங்குவானா, அதுவரை வீட்டில் அடுப்பெரியுமா, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தானே தெரியும்? என்னைக் கேட்டால் 17க்கும் அந்தப் பேச்சு வேண்டும். முடிவு மாறாது. ஆனால் அவனுக்குத் தெரிந்து நடக்கும்.

வேலூர் சி.எம்.சி. மேரி வர்கீஸை நினைத்துக்கொள். 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தார். 1966ல் மறுவாழ்வு மையம் தொடங்கினார். தையல் போட்டதோடு வைத்தியம் முடியாது என்று தன் உடம்பிலேயே கண்டவர்.

2019ல் இருந்து நோயாளியிடம் பேசுவதையும் சம்மதம் வாங்குவதையும் எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே வைத்துவிட்டார்கள். நீயும் படித்தாய். ஆனால் பெரியவர்கள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவதைப் பார்த்துத்தான் சின்னவர்களுக்கு அது வரும். இப்போது உனக்குக் கீழே ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன்னைப் பார்த்துத்தானே பழகுவார்கள்?

மேற்படிப்புக்கு ரேடியாலஜியா, ஆர்த்தோவா என்று யோசிக்கிறாயாம், உன் அம்மா சொன்னாள். உன் இஷ்டம்தான் சாமி, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ரேடியாலஜியும் நல்ல படிப்பு. ராத்திரி தூக்கம் கிடைக்கும். ஆனால் புளியம்பட்டி ரோட்டில் வண்டியோடு விழுகிறவனும், ரோலரில் கை கொடுக்கிறவனும் நம்ம சனம். ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் செலவை அரசாங்கமே ஏற்கிறது, 2021 டிசம்பரில் கொண்டுவந்த திட்டம். அந்த நேரத்தில் "இப்படி இப்படிச் செய்யப் போறோமுங்க" என்று முகம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? உன் மாமனுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோவிச்சுக்காதே கண்ணு. உன்னைப் போலப் பொறுமைக்காரி நம்ம வகையறாவிலேயே கிடையாது. அம்மிச்சி கச்சாயம் சுட்டு, புதுக்கடலையும் வறுத்து வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். டீயைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே, நேரத்துக்குச் சோறு சாப்பிடு. லீவு கிடைத்தால் வந்து தூங்கு, யாரும் எழுப்ப மாட்டோம். நானும் படிப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். நீ எதை எடுத்தாலும் எங்களுக்குப் பெருமைதான், எங்க டாக்டர் நீதான். நம்ம ஊர் வாலீஸ்வரர் உன் கூடவே இருப்பார்.

ஆசிகளுடன்,
அப்புச்சி