புரூட்டஸும் தம்பிமாரும்

கேள்வி: கல்லூரியில் ‘ஜூலியஸ் சீசர்’ படிக்கிறோம். புரூட்டஸ் துரோகியா, தியாகியா? நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒரு கதை உண்டா?
- ஒரு மாணவி, தனுவச்சபுரம்

பதில்: உண்டே! நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலா என்று ஒரு பட்ட பலா மரம் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆள் நுழையுமளவு பொந்து. எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதற்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம்.

துரத்தியவர்கள் யார்? நாயர் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரும், பழைய ராஜாவின் மக்களான பப்புத் தம்பி, ராமன் தம்பியும். அன்றைய திருவிதாங்கூரில் மருமக்கள் வழி; அரசு ராஜாவின் சகோதரி மகனுக்கே. தகப்பன் சொத்து பிள்ளைக்குத்தானே என்று தம்பிமார் கேட்டார்கள். தமிழ்நாட்டில் கேட்டிருந்தால் அது நியாயம், இங்கே ராஜத்துரோகம். 1729-இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா இருவரையும் கொன்றார். பிள்ளைமாரைத் தூக்கிலிட்டார்.

1891-இல் சி.வி.ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ மலையாள நாவலில் தம்பி வில்லன். குமரி மாவட்டத்துத் ‘தம்பிமார் கதை’ வில்லுப்பாட்டிலோ அவர்கள்தான் நாயகர்கள்: ராஜா அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்கிறார், அண்ணன்மார் மறுக்கிறார்கள், பகை மூள்கிறது. எனக்கு வில்லுப்பாட்டின் பக்கம்தான் மனம் சாய்கிறது, தோற்றவன் வாய்மொழி அதில் கேட்பதால்.

புரூட்டஸ் ரோமுக்காக நண்பனைக் குத்தியதாகச் சொன்னான். தம்பிமார் அப்படி எந்தச் சாக்கும் சொல்லவில்லை, நாற்காலியை நேராகவே கேட்டார்கள். அந்த வகையில் புரூட்டஸைவிட அவர்கள் யோக்கியர்கள். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் போனால் என்னிடம் வராதீர்கள்!