உயிருள்ள வெள்ளி

'குயிக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் 'விரைவு' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். 'சில்வர்' என்றால் வெள்ளி. அப்படியானால் 'குயிக்சில்வர்' என்றால் என்ன? பள்ளியில் படித்த நாளில் நான் 'விரைவு வெள்ளி' என்று எழுதி வைத்தேன். விடை தவறு.

குயிக்சில்வர் என்பது பாதரசத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பழம்பெயர். மேசைமேல் சிந்திய பாதரசம் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால் 'விரைவு வெள்ளி' பொருத்தமான பெயராகத்தான் தோன்றும். ஆனால் பெயர் வைத்தவர்கள் மனத்தில் இருந்தது வேகம் அன்று; உயிர்!

இது நமக்கு எப்படித் தெரியும்? பண்டைய ரோமானியர் பாதரசத்தை 'ஆர்ஜென்டம் விவும்' என்று அழைத்தனர். ஆர்ஜென்டம் என்பது வெள்ளி. வேதியியலில் வெள்ளிக்கு 'ஏஜி' என்ற குறியீடு வந்தது இதிலிருந்துதான். விவும் என்றால் 'உயிருள்ள'. பழங்கால ஆங்கிலேயர் இந்த இலத்தீன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். 'விவும்' இருந்த இடத்தில் அவர்கள் வைத்த சொல் 'க்விக்' என்றால், அன்று அதன் பொருள் 'உயிருள்ள' என்பதுதானே! அக்காலத்தில் அச்சொல்லை 'சி', 'டபிள்யூ' என்ற எழுத்துகளில் தொடங்கி எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் அதை 'க்யூ', 'யு' என்று மாற்றிவிட்டனர். எழுத்து மாறியது, ஒலி அப்படியே இருந்தது. ஜெர்மானிய மொழியில் இன்றும் பாதரசத்தின் பெயர் 'க்வெக்சில்பர்'.

ஓர் உலோகத்துக்கு உயிர் இருப்பதாக ஏன் நினைத்தார்கள்? கண்ணாடித் தட்டில் நீர்த்துளியை விட்டால் அது பரவி நனைக்கும். நீர் மூலக்கூறுகளைக் கண்ணாடி தன்பால் ஈர்ப்பதே காரணம். பாதரசமோ பரவுவதில்லை. அதன் அணுக்கள் கண்ணாடியைவிட ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொள்கின்றன. அதன் பரப்பு இழுவிசை நீரினுடையதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே அது முத்து முத்தாகத் திரண்டு, ஈரத்தின் சுவடே இல்லாமல் உருளும், தொட்டால் சிதறும், இரண்டு முத்துகள் அருகே வந்தால் சட்டென்று ஒன்றாகிவிடும். சுரங்கத்திலிருந்து எடுத்த ஒரு பொருள் இப்படி ஓடி ஒளிந்தால், அதை உயிருள்ளது என்று சொன்னவர்களைக் குறை கூற முடியாது.

இந்த 'உயிருள்ள' வெள்ளியை 1759ஆம் ஆண்டு டிசம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உறைய வைத்தார்கள். கடுங்குளிர் காலம் அது. பிரௌன் என்ற அறிவியலாளர் பனியையும் நைட்ரிக் அமிலத்தையும் கலந்து, அக்கலவையில் வெப்பமானியை வைத்தார். உள்ளே இருந்த பாதரசம் கட்டியாகிவிட்டது. கண்ணாடிக் குமிழை உடைத்து வெளியே எடுத்துச் சுத்தியலால் தட்டினால் மற்ற உலோகங்களைப்போல அதுவும் தகடாயிற்று. பாதரசம் திரவமாகவே இருக்கும் ஒரு விந்தைப் பொருள் அன்று, உருகிய நிலையில் இருக்கும் உலோகமே என்பது அப்போது உறுதியாயிற்று. அது உறையும் வெப்பநிலை ஏறத்தாழ சுழிக்குக் கீழே 39 டிகிரி செல்சியஸ்.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்தும் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடக் கூடாது. அதன் ஆவி நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஓர் ஆலையின் கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் மீன்கள் வழியாக மக்களின் உடலில் சேர்ந்து பலரைக் கொன்றது. அந்நோய் 1956இல் கண்டறியப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக ஒப்பந்தம் அவ்வூரின் பெயராலேயே 2017இல் நடைமுறைக்கு வந்தது.

சொல்லுக்குத் திரும்புவோம். 'க்விக்' என்பதன் பழம்பொருள் தனியே வழங்காமல் போனாலும், பாறைக்குள் தொல்லுயிர் எச்சம் தங்குவதுபோலச் சில கூட்டுச்சொற்களுக்குள் தங்கிவிட்டது. சுட்ட சுண்ணாம்பை ஆங்கிலத்தில் 'குயிக்லைம்' என்பர். அதன்மீது நீரை ஊற்றினால் சீறும், கொதிக்கும், ஆவி பறக்கும்; உயிருள்ள சுண்ணாம்பு! நீரைக் குடித்து அடங்கிய பிறகு அது 'ஸ்லேக்டு லைம்'. தாகத்தைத் தணிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே 'ஸ்லேக்' என்ற சொல்தான். காலை வைத்தால் உள்ளே இழுக்கும் புதைமணல் 'குயிக்சாண்ட்'. நகத்துக்கு அடியில் உள்ள, தொட்டால் வலிக்கும் சதைக்கு வெறும் 'குயிக்' என்றே பெயர். நகத்தில் உயிரில்லை, சதையில் உண்டு என்று எவ்வளவு சரியாகப் பிரித்திருக்கிறார்கள், பாருங்கள்!

உயிருள்ளது அசையும்; நன்கு அசைவது சுறுசுறுப்பானது; சுறுசுறுப்பானது விரைவானது. பொருள் இப்படிப் படிப்படியாக நகர்ந்தது. நாமும் நெஞ்சின் துடிப்பிலிருந்துதானே 'துடிப்பான பையன்' என்கிறோம்?

இனி இச்சொல்லின் உறவினரைப் பார்ப்போம். ஆங்கிலம், இலத்தீன், கிரேக்கம், வடமொழி ஆகியவை ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை. அந்த மூலமொழியில் 'காந்தி' என்பதன் முதல் ககரத்தை உதடு குவித்து ஒலிப்பது போன்ற ஓர் ஒலி இருந்தது. நீங்களே ஒலித்துப் பாருங்கள். நாக்கும் உதடும் இரண்டுமே வேலை செய்கின்றன அல்லவா? கிளைமொழிகள் இவ்வொலியைத் தத்தம் போக்கில் மாற்றிக்கொண்டன. கிரேக்கத்தில் உதட்டொலி மட்டும் நின்று 'பயாஸ்' ஆயிற்று. 'பயாலஜி' இதன் வழி வந்தது. இலத்தீனில் 'விவும்', 'வீட்டா'. 1912இல் ஃபங்க் என்பவர் சூட்டிய 'வைட்டமின்' பெயரில் இருப்பது இந்த 'வீட்டா'தான். ஆங்கிலத்தில் ஒலி வன்மை பெற்று 'க்விக்' ஆயிற்று. வடமொழியில் 'ஜீவ'.

ஒலி ஓரளவு ஒத்திருப்பதால் உறவு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மாற்றம் ஒரே ஒழுங்கில் மற்றச் சொற்களிலும் நிகழ்ந்திருக்க வேண்டும். வடமொழியில் பசுவுக்குக் 'கோ'. ஆங்கிலத்தில் 'கௌ', வன்மையான ககரத்துடன். கிரேக்கத்தில் 'பூஸ்', பகரத்துடன். அதே ஒழுங்கு! ('ஈ' ஒலிக்கு முன்னால் வடமொழியில் ககரம் ஜகரமாகும், அதனால்தான் 'ஜீவ'.) மெல்லொலிகள் ஆங்கிலத்தில் வன்மை பெறுவது போன்ற மாற்றங்களை 1822இல் விதியாகத் தொகுத்து எழுதியவர் யாக்கோபு கிரிம். குழந்தைகளுக்கான கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் அவரே.

ஓர் எச்சரிக்கை. தமிழில் 'ஜீவன்' இருக்கிறதே, தமிழும் ஆங்கிலமும் உறவா என்று கேட்காதீர்கள். 'ஜீவன்' நாம் வடமொழியிலிருந்து வாங்கிக்கொண்ட சொல். நம் சொந்தச் சொல் 'உயிர்'. அதன் உறவினரைத் திராவிட மொழிகளில் தேட வேண்டும். கன்னடத்தில் 'உசிர்', தெலுங்கில் 'உசுரு'. நம் கிராமத்துப் பாட்டிமார் சொல்வதும் 'உசுரு'தானே!