மண்ணின் பங்கு எவ்வளவு?

ஜோர்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள தம்பி,

கடையில் வாங்கிய ஒலிவ எண்ணெய்ப் புட்டியின்மேல் ஒரு தேசத்தின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருந்ததைக் கண்டு, மணமெல்லாம் மண் தருவதுதானே என்று நீ எழுதிக் கேட்ட வினா ஒரு வாரமாக என்னை விட்டகலவில்லை. மண்வாசனை என்னும் அழகிய சொல் நம்மிடம் இருப்பதனாலேயே, உலகத்துப் பரிமளங்கள் அனைத்தையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் படித்தவரிடையேயும் வேரூன்றிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் பொறுப்பதில்லை.

நம் தீவில் ஒலிவத் தோப்பு இல்லை. ஆனால் பாலிக் பூலாவில் சாதிக்காய் இருக்கிறது; உன் வினாவை முதலில் அதைக் கொண்டே பார்ப்போம். 1796இல் ஆங்கிலேயர் பண்டா தீவுகளை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், கிறிஸ்டோபர் ஸ்மித் என்னும் தாவர அறிஞர் அப்பகுதியிலிருந்து திரட்டியனுப்பிய கன்றுகளால் பினாங்கில் சாதிக்காய்த் தோட்டங்கள் எழுந்தன. 1860ஐ ஒட்டி நோய் கண்டு அவை பாழாயின. ஆயினும் அப்பயிர் இத்தீவை விட்டு நீங்கவில்லை. அதே விருட்சம் 1843இல் கிரெனடாத் தீவை அடைந்து, பின்னாளில் அந்நாட்டின் கொடியிலேயே இடம்பெற்றது.

கீழ்த்திசைச் சாதிக்காய் எண்ணெயில் மிரிஸ்டிசின் என்னும் பொருள் மிகுதி. மேற்கிந்தியத் தீவுகளின் எண்ணெயிலோ அது குறைவு, சாபினீன் மிகுதி. உடனே, "இதோ மண்ணின் மகிமை!" என்று நீ சொல்லக்கூடும். அவசரப்படாதே. சாதிக்காய் பெரும்பாலும் விதையால் பெருக்கப்படுவது. ஒவ்வொரு கன்றும் தனக்கென ஒரு சுபாவத்தோடு பிறக்கும் குழந்தை. அது ஆணா பெண்ணா என்பதுகூடச் சில ஆண்டுகள் கழித்துப் பூத்த பிறகே தெரியும். ஆகவே கடல் கடந்து சென்றது மரமன்று, மரத்தின் சந்ததி. பிள்ளைகள் வேறுபட்டதற்கு வீட்டை மட்டும் காரணமாக்குதல் நியாயமாகுமா?

தேசத்தின் பங்கை அறிய வேண்டுமாயின், ஒரே மரத்தை ஈரிடத்தில் நட்டுப் பார்த்தல் வேண்டும். கிளைத்துண்டாலும் ஒட்டாலும் பெருக்கப்படும் ஒலிவம் அதற்கு உகந்தது. கட்டலோனியாவின் அர்பெக்கினா என்னும் வகையை அர்ஜென்டினாவின் வெப்பம் மிகுந்த வடபகுதியில் நட்டபோது, அதன் எண்ணெயில் ஒலியிக் அமிலம் வெகுவாகக் குறைந்தது. மரம் அதுவே, மாறியது சீதோஷ்ணம். ஒலிவ எண்ணெயின் பச்சைப்புல் மணமோ, காயை அரைக்கும்போது அதன் நொதிகள் கொழுப்பமிலங்களைச் சிதைப்பதால் அக்கணத்தில் பிறப்பது. காய் எவ்வளவு பழுத்தது, அரைத்த கூழ் எவ்வளவு சூடேறியது என்பவற்றால் அது மாறும். மண்ணுக்குப் பங்கில்லை என்பதன்று என் வாதம்; வித்து, வானம், கை ஆகிய மூன்றனோடு அதுவும் ஒரு பங்காளி என்பதே.

கையின் பங்கை நானே கண்டேன். ஒரே மரத்துப் பழங்கள் இரண்டைப் பிளந்து, செந்நிற வலைபோல் பின்னிக் கிடந்த சாதிபத்திரியை உரித்து, ஒரு கொட்டையை நிழலில் ஆறு வாரம், அசைத்தால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை உலர்த்தினேன். மற்றொன்றைத் தகரக் கூரைமேல் கொதிக்கும் வெயிலில் போட்டேன். முன்னது உரசியவுடன் அறையெங்கும் மணந்தது. பின்னதில் கொழுப்பு உருகி, பருப்பு சுருங்கி, மணம் நலிந்திருந்தது. இரண்டும் ஒரே மண்ணின் மக்கள்!

புட்டியின்மேல் உள்ள பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் பஞ்சவாசம் என்று எண்ணிய ஐந்து மணப்பொருள்களில் சாதிக்காயோடு தக்கோலமும் ஒன்று. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலோ, இங்கிருந்து கடலுக்கு அப்பால் தெரியும் கடாரத்தோடு, தலைத்தக்கோலம் என்னும் ஊரும் வருகிறது. அதனைத் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாப்பா என அறிஞர் பலர் கொள்வர். ஒரு வாசனைக்கும் ஒரு துறைக்கும் ஒரே பெயர் அமைந்ததை நான் ஆண்டுக்கணக்காக எண்ணியிருக்கிறேன். சரக்கு விளைந்த காட்டின் பெயரை விட, அது கைமாறிய துறையின் பெயரே உலகில் நிலைக்கும் என்பது என் துணிபு. ஸ்பெயினிலும் கிரீஸிலும் துனிசியாவிலும் பிழிந்த எண்ணெய் இத்தாலியில் புட்டியேறி உலகெங்கும் செல்வதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. ஆதலின் முகப்பிலுள்ள தேசப் பெயரைக் கண்டதும் நம்பிவிடாதே. காய் எங்கே விளைந்தது, எந்த வகை, எப்பொழுது பறித்தது என்று தேடிப் படி.

அடுத்த விடுமுறையில் பாலிக் பூலாவுக்குப் போ. இரண்டு மரங்களின் காய்களைத் தனித்தனியே வாங்கி, ஒரே வகையாய் உலர்த்தி, உரசி முகர்ந்து, கண்டதை எனக்கு எழுது. மணத்தைப் பற்றி மூக்கால் அறிந்த பிறகே வாயால் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியன்