தாராவியின் பாட்டு

(உரைநடை)

நுழையும்முன்

நாற்று நட்டவர் பாடினர். ஏற்றம் இறைத்தவர் பாடினர். வலை இழுத்தவரும் பாடினர். தமிழரின் பாட்டு தனியொருவரின் இன்பத்திற்காக மட்டும் பிறந்ததன்று. பலர் கூடிச் செய்த உழைப்பிலும் பிறந்தது. ஊரைவிட்டுப் பெருநகரம் சென்றவர்கள் எதைப் பற்றிப் பாடினர்? கூடி நிற்கவே இயலாத காலத்தில் எவ்வாறு சேர்ந்து பாட முடிந்தது? மும்பையின் வழியே அறிவோம்.

மும்பையில் தமிழிசை

மும்பையில் தமிழ் ஒலிக்கும் பகுதிகளுள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. மாதுங்காவிலும் செம்பூரிலும் கோவில் பஜனையும் கருநாடக இசையும் வேரூன்றின. 1952ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ சண்முகானந்தா சங்கீத சபை அவ்விசைக்குப் பேரரங்கு அமைத்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடிச் சென்றோர் பலர் தாராவியில் குடியேறினர். ஏறத்தாழ 2.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் அவ்விடத்தில் அரங்கு ஏது? தெருவே அரங்காயிற்று.

தெருவில் பிறந்த சொல்லிசை

தாராவியில் குப்பை பொறுக்கிப் பிரிக்கும் குடும்பங்களின் சிறுவர்கள், நெகிழிப் பீப்பாய்களையும் தகர டப்பாக்களையும் தாளக் கருவிகளாக்கி, ‘தாராவி ராக்ஸ்’ என்னும் குழுவாக இசைத்தனர். பிறர் வீசிய பொருளில் அவர்கள் தாளத்தைக் கண்டனர்.

‘டோப்படெலிக்ஸ்’, ‘செவன் பண்டாய்ஸ்’ போன்ற குழுக்களின் இளைஞர்கள் ராப் என்னும் சொல்லிசையைக் கைக்கொண்டனர். தமிழ், இந்தி, மராத்தி ஆகியவை கலந்த தம் தெருவின் பேச்சையே பாட்டாக்கினர். 2018ஆம் ஆண்டு பா. இரஞ்சித் இயக்கத்தில், தாராவியின் நில உரிமையைப் பேசி வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் டோப்படெலிக்ஸ் குழுவினரின் தமிழ்ச் சொல்லிசையும் இடம்பெற்றது. அதுவரை தம்மைப் பற்றிப் பிறர் சொன்னதையே கேட்ட ஊர், தன்னைப் பற்றித் தானே சொல்லத் தொடங்கியது.

அடைத்த கதவுகள்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழும் இடத்தில் ‘விலகி இருங்கள்’ என்னும் அறிவுரையைக் கடைப்பிடிப்பது எளிதா? நோயச்சத்துடன், ‘தாராவியைச் சேர்ந்தவர்’ என்றாலே பிறர் ஒதுங்கும் அவலமும் சேர்ந்துகொண்டது.

அவ்வாண்டில் தாராவிக் கலைஞர்களான எம்.சி. அல்தாஃப், டோனி செபாஸ்டியன், பான்ஸ் என் ரிப்ஸ் ஆகியோர், வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்குமாறு வேண்டும் விழிப்புணர்வுப் பாடலை இணையத்தில் வெளியிட்டனர். அறிவிப்புப் பலகை கட்டளையிடும். பக்கத்துத் தெருத் தம்பியின் குரல் ‘நம்மவர்’ என்று அழைக்கும். நோயைக் கட்டுப்படுத்தியது பாட்டன்று. வீடுவீடாகச் சென்ற மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் உழைப்பும், மக்களின் ஒத்துழைப்பும் ஆகும். எனினும் ஒத்துழைப்புக்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கையை வளர்க்கப் பாட்டு துணை நிற்கும். 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களுக்குச் சான்றாகத் தாராவியின் பெயரையும் குறிப்பிட்டார்.

இணையத்தில் கூடிப் பாடுவது எப்படி?

காணொலி அழைப்பில் நண்பர்களுடன் சேர்ந்து பாடிப் பார்த்திருக்கிறீர்களா? தாளம் சிதறிப் போகும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே பத்து மீட்டர் தொலைவில் நிற்பவரின் குரல், நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரத்தில் நம்மை அடையும். அவ்வளவு தாழ்வை நம் செவி பொறுக்கும். இணைய அழைப்பிலோ, தாழ்வு இதைப் போலப் பல மடங்காகிவிடும். மேலும், ஒரு குரலை மட்டும் எடுப்பாகக் காட்டிப் பிற குரல்களை அடக்குவதும் அத்தகைய செயலிகளின் இயல்பு.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொருவரும் ஒரே வழிகாட்டு ஒலியைக் காதில் கேட்டுக்கொண்டே தனித்தனியே பாடிப் பதிவு செய்வது. பின்னர் ஒருவர் அவற்றை ஒன்றிணைப்பார். 2010ஆம் ஆண்டு அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரின் குரல்களை இவ்வாறு இணைத்துக் காட்டினார்.

இரண்டாவது, நம் முன்னோர் அறிந்த வழி. நடவுப் பாட்டிலும் பஜனையிலும் ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடுவர். காணொலி அழைப்பிலும் ஒருவர் முன்பாடலாம். மற்றவர் தம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் பின்பாடலாம். பிறர் குரல் காதில் விழாது. ஆயினும் அவர்கள் பாடுவதைக் கண் காணும். தனிமையை வெல்ல அதுவும் போதும்.

பாட்டு எழுதும் பொறுப்பு

பாரதியார் பெண் விடுதலையைக் கும்மியில் பாடினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழைப்பாளரின் துயரை எளிய சொற்களில் திரையிசையாக்கினார். மக்கள் அறிந்த மெட்டு, மக்கள் பேசும் சொல், மக்கள் பட்ட உண்மை ஆகிய மூன்றும் கூடினால் பாட்டு நிலைக்கும்.

நாம் எழுதும்போது, ‘தூய்மை காப்போம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, நம் தெருக் குழாயில் எந்த நேரம் தண்ணீர் வருகிறது, வரிசையில் யார் நிற்கிறார் என்று எழுதுவது மேலானது. யாரையும் பழிக்காமல் குறையைச் சொல்லவும் வேண்டும். ஒன்றை மறவாதீர்: வீட்டிற்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பத்தில், தந்தை வேலைக்குச் சென்றதும் பிள்ளையின் குரலும் இணையத்தை விட்டுப் போய்விடும். அவரின்றி நிறைவேறும் கூட்டுப்பாட்டு கூட்டுப்பாட்டு ஆகுமா? அவர் வரும் நேரத்தை அறிந்து பாடத் தொடங்குவதே சேர்ந்து பாடுதலின் முதல் பண்பு.

சொல்லும் பொருளும்

சொல்லிசை – தாளத்திற்கேற்பச் சொற்களை விரைந்து இசைக்கும் முறை
அவலம் – துன்பநிலை
தாழ்வு – (இங்கு) நேரத் தாமதம்
மெட்டு – பாட்டின் இசையமைப்பு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஸ்ரீ சண்முகானந்தா சங்கீத சபை தொடங்கப்பட்ட ஆண்டு ______.
2. பாரதியார் பெண் விடுதலையை ______ வடிவில் பாடினார்.

ஆ. பிரித்து எழுதுக.
சொல்லிசை, பேரரங்கு

இ. சுருக்கமாக விடையளி.
1. ‘தெருவே அரங்காயிற்று’ – விளக்குக.
2. காணொலி அழைப்பில் சேர்ந்து பாடும்போது தாளம் சிதறுவது ஏன்?

ஈ. சிந்தனை வினா
‘நோயைக் கட்டுப்படுத்தியது பாட்டன்று’ என்னும் ஆசிரியர், பாட்டின் பயனாக எதைக் கருதுகிறார்? நீவிர் உடன்படுகிறீரா?

கற்பவை கற்றபின்

உங்கள் தெருவின் குறை ஒன்றைப் பற்றிக் குழுவாக எட்டு அடிகளில் கும்மிப் பாட்டு எழுதுக. ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடி வகுப்பில் அரங்கேற்றுக.