கூண்டேறிய சொல்லும் வேறிடத்தில் இருந்த ஆளும்

பாலியல் வன்முறை வழக்கொன்றில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த மனிதரை மேல்கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது என்றோ, கீழே விடுதலையானவர் மேலே தண்டிக்கப்பட்டார் என்றோ பத்திரிகையில் ஒரு செய்தி வருமானால், அன்றைக்குக் காலை பஸ்ஸிலும் டீக்கடையிலும் நடக்கிற வாதப் பிரதிவாதங்களில் கலந்துகொள்பவர்களுள் தீர்ப்பின் ஒரு வாக்கியத்தையாவது படித்தவர் அநேகமாக ஒருவரும் இருப்பதில்லை. அபிப்பிராயம் இல்லாதவரும் ஒருவர் இருப்பதில்லை. "ஒத்தைச் சாட்சியை வைத்துக்கொண்டு ஒருத்தனை எப்படி உள்ளே தள்ளலாம்?" என்பார் ஒருவர். "நடந்தது நிஜமானால் அந்தப் பெண் ஏன் உடனே சொல்லவில்லை?" என்பார் அடுத்தவர். "ஆள் ஊரிலேயே இல்லை என்று ரெண்டு பேர் வந்து சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது" என்று, கோர்ட்டு வாசலில் பாதி ஆயுளைக் கழித்தவர்போல மூன்றாமவர் முடித்து வைப்பார்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், அப்பீல் என்பதைப் பற்றியே ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. மேல்கோர்ட்டில் அந்தப் பெண் மறுபடியும் கூண்டேறுவாள், வக்கீல்கள் மறுபடியும் குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று சினிமாவை நம்பிக்கொண்டு ஹைகோர்ட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அபூர்வமான சந்தர்ப்பங்கள் நீங்கலாக அங்கே சாட்சி வருவதில்லை. வருவது காகிதக் கட்டு. செஷன்ஸ் கோர்ட்டில் அவள் அழுது, தயங்கி, தண்ணீர் கேட்டுக் குடித்து, மூன்று மணி நேரம் சொன்னது முழுவதும், "அ.சா.1" (அரசுத் தரப்புச் சாட்சி 1) என்ற தலைப்பின் கீழ்ச் சில பக்கங்களாகச் சுருங்கிக் கிடக்கும். வக்கீல் கேட்ட கேள்விகள்கூடப் பெரும்பாலும் அதில் இரா. பதில்கள் மட்டும் ஒரே கதையாகக் கோக்கப்பட்டு, "நான் விரோதம் காரணமாகப் பொய்ப் புகார் கொடுத்தேன் என்று சொன்னால் சரியல்ல" என்பது போன்ற வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்த "சரியல்ல" கோபத்தில் வந்ததா, சோர்வில் வந்ததா என்பது காகிதத்தில் தெரியாது. சாட்சியின் தோரணையைக் குறித்து வைக்க விசாரணை நீதிபதிக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது என்றாலும், அந்தக் குறிப்பு எழுதப்படுவது சொற்பம். ஆகையால், மேல்கோர்ட்டில் தராசில் ஏறுவது அந்தப் பெண்ணின் சொல். அவளுடைய முகம் அல்ல. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் டீக்கடை வாதங்களில் பாதி தானாகவே தளர்ந்துவிடும்.

ஒற்றைச் சாட்சி விஷயத்தை அதிகம் வளர்க்க வேண்டியதில்லை. ஒரு சங்கதியை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் தன் 139ஆம் பிரிவில் அதையே சொல்லுகிறது. அன்றைய சென்னை ராஜ்யத்திலிருந்து போன வடிவேலு தேவர் என்பவர்மேல் தொடரப்பட்ட கொலை வழக்கில், 1957இல் சுப்ரீம் கோர்ட்டு சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுமல்லாத நடுவகையினர். முதல் வகையார் ஒருவரே போதும். இரண்டாம் வகையார் நூறு பேர் வந்தும் பிரயோஜனமில்லை. துணைச் சாட்சியம் தேடவேண்டியது மூன்றாம் வகையாருக்கே. அந்த வழக்கில் தண்டனை நின்றது கொலையுண்டவருடைய மனைவியின் ஒரே சாட்சியத்தின்மேல். பாலியல் வழக்குகளில் துணைச் சாட்சியம் வேண்டுமென்பது சட்டத்தின் கட்டளையல்ல, நீதிபதியின் விவேகத்துக்கு ஓர் எச்சரிக்கை மாத்திரமே என்று அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே, ராமேஷ்வர் வழக்கில், அதே கோர்ட்டு சொல்லியிருந்தது.

"ஏன் உடனே சொல்லவில்லை" என்ற கேள்வியிடம்தான் சற்று நின்று பேசவேண்டும். 1984 மார்ச்சு மாதக் கடைசியில், பஞ்சாபில், பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த, பதினாறு வயது நிரம்பாத ஒரு மாணவியைக் காரில் கடத்திக் கொண்டுபோய், இரவு முழுவதும் துன்புறுத்தி, மறுநாள் விடிகாலையில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தின் அருகே இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்கும் அவளுக்குப் பரீட்சை இருந்தது. அவள் உள்ளே போய் அதை எழுதினாள். எழுதிவிட்டு ஊருக்குப் போய்த் தாயிடம் சொன்னாள். தகப்பனார் ஊர்ப் பெரியவரைப் பார்த்தார், பஞ்சாயத்துப் பேசினார்கள், அது பலிக்காத பிறகு போலீசுக்குப் போனார்கள். விசாரணைக் கோர்ட்டு எதிரிகள் யாவரையும் விடுதலை செய்தது. சொன்ன காரணங்களில் சில: புகார் தாமதம், பரீட்சைக் கூடத்தில் ஆசிரியைகளிடமோ தோழிகளிடமோ அவள் வாய்திறக்கவில்லை, தன்னை ஏற்றிச் சென்றது பியட் காரா, அம்பாஸடர் காரா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

குர்மித் சிங் வழக்கு என்று பிரசித்தி பெற்ற இந்த வழக்கில், 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்துசெய்து, ஐந்து வருஷக் கடுங்காவல் விதித்தது. கிராமத்துப் பெண் காரின் ஜாதி தெரியாமலிருப்பது அவள் பொய் சொல்லுகிறாள் என்பதற்கு அடையாளமாகுமா? குடும்ப மானம் என்ற பேச்சு எழுந்து, ஊர்ப் பெரியவரைத் தேடி, மனம் துணிந்து போலீஸ் நிலையத்துப் படியேற இரண்டு நாள் ஆவது உலக நடப்பா, விபரீதமா? நடந்ததைத் தாயிடம் முதலில் சொல்லுவாளா, சகமாணவிகளிடம் சொல்லுவாளா? தாமதம் என்பது விளக்கம் கேட்கவேண்டிய விஷயம். விளக்கம் இயற்கையாக இருக்குமானால் அதன் வேலை அத்தோடு தீர்ந்தது. கீழ்க்கோர்ட்டு செய்த பிழை, பெண்ணின் சொல்லை வைத்துவிட்டு, 'இப்படிப்பட்ட பெண் இப்படித்தான் நடந்துகொள்வாள்' என்ற தன் மனச்சித்திரத்தை எடுத்து நிறுத்ததுதான். முரண்பாடுகள் விஷயமும் இப்படியே. மனித ஞாபகம் போட்டோப் படமல்ல என்று 1983இல் பர்வாடா போகின்பாய் வழக்கில் சொன்ன கோர்ட்டு, சில்லறை வித்தியாசங்களைக் கொண்டு அடிப்படையைத் தள்ளிவிடலாகாது என்றது.

ஆனால் அதே 1983ஆம் வருஷத் தீர்ப்பில், சம்பிரதாயக் கட்டுப்பாடுள்ள நம் சமூகத்துப் பெண் இத்தகைய குற்றச்சாட்டைப் பொய்யாகச் சொல்லத் துணியமாட்டாள் என்ற தொனியில் ஒரு நீண்ட வியாக்கியானமும் வருகிறது. பெண்களுக்கு அநுகூலமாகத் தோன்றுகிற அந்த வாதமும் மேலே சொன்ன மனச்சித்திரத்தின் மறுபக்கமே என்பது என்னுடைய அபிப்பிராயம். சம்பிரதாயத்துக்கு அடங்கிய பெண் என்பதற்காக நம்பினால், அடங்காத பெண்ணை என்ன செய்வது? பெண்ணின் பூர்வ நடத்தையைக் கிளறிச் சாட்சியத்தைக் கெடுக்க இடந்தந்த பழைய உட்பிரிவைப் பார்லிமெண்டு 2002ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கியது. இரண்டு விரல் பரிசோதனை என்ற அவமானத்தை 2013இல் கண்டித்த சுப்ரீம் கோர்ட்டு, 2022இல் அதைச் செய்கிறவர் துர்நடத்தைக் குற்றத்துக்கு ஆளாவார் என்று மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. மறுபக்கத்தில், புகார் சொன்னவர் சொன்னதெல்லாம் எப்பொழுதும் உண்மையென்று அநுமானம் செய்துகொள்ள முடியாது, பொய்ப் புகார் எதிரிக்கும் தீராத துன்பம் என்று 2008இல் ராஜு வழக்கிலும், தனித்து நின்று தண்டனையைத் தாங்கக்கூடிய சாட்சியின் சொல் முதல் வாக்குமூலம் தொடங்கிக் கடைசி வரையில் ஒரே சீராக, மற்றச் சான்றுகளோடு இணங்கி நிற்கவேண்டும் என்று 2012இல் ராய் சந்தீப் வழக்கிலும் அதே கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் தீர்ப்புகள் என்று சிலர் சொல்லுகிறார்கள். சொல்லைத்தான் நிறுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் இவற்றில் முரண் எனக்குத் தென்படவில்லை.

இனி, ஆள் ஊரில் இல்லாத விஷயம். அலிபி என்பது 'வேறிடத்தில்' என்று பொருள்படும் லத்தீன் சொல். கல்கத்தாவில் நடந்த குற்றத்தைப் பற்றிய விசாரணையில், அன்றைக்கு எதிரி லாகூரில் இருந்தான் என்பது பொருந்தும் சங்கதி என்று 1872ஆம் வருஷத்துச் சட்டம் உதாரணம் காட்டிற்று. தேசம் பிரிந்து லாகூர் அயல் நாடான பிறகும் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் அந்த உதாரணம் புத்தகத்தில் இருந்தது; புதிய சட்டத்தில் குற்றம் சென்னைக்கு வந்துவிட்டது, எதிரி லடாக்குக்குப் போய்விட்டான்.

உதாரணத்தில் உள்ள தூரமே இந்த வாதத்தின் உயிர். சம்பவ வேளையில் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று காட்டவேண்டும். அநேகமாக இருந்திருக்கமாட்டார் என்பது போதாது. அதைக் காட்டும் பாரம் எதிரியுடையது. ஆனாலும், அரசுத் தரப்பு முதலில் தன் வழக்கை நிறுத்திக் காட்டிய பிறகுதான் இந்தப் பாரத்தைப் பற்றிய பேச்சே எழும் என்று 1996இல் பினய் குமார் சிங் வழக்கில் தெளிவாக்கப்பட்டது. ரெண்டு பேர் வந்து சொன்னால் போதும் என்கிற டீக்கடைச் சட்ட நிபுணர், திருமண வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். சம்பவத்தன்று மாலை எதிரி அடுத்த தாலுகாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார் என்கிறார்கள். நோட்டில் அவர் பெயரும் ஊரும், 501 ரூபாயும் எழுதியிருக்கிறது. எழுதியவரைக் கூண்டிலேற்றி அரசு வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: மொய்ப் பணத்தை அவர்தான் நேரில் கொடுத்தாரா? ஊருக்கு வராதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தனுப்பும் மொய்தான் நம்மூர் நோட்டுகளில் எத்தனை! நேரிலேயே வந்தார் என்றாலும், நோட்டில் மணி எழுதும் வழக்கமில்லை. மோட்டார் சைக்கிளில் அடுத்த தாலுகா அரைமணி தூரம். செல்போன் கோபுரப் பதிவும் இப்படித்தான்: போன் எங்கே இருந்தது என்று சொல்லும், அது யார் சட்டைப்பையில் இருந்தது என்று சொல்லாது.

அதற்காக, எதிரிக்குச் சாட்சி சொல்ல வருகிறவர் எல்லோரும் பொய்யர் என்று கொள்வதும் பிசகு. அரசுத் தரப்புச் சாட்சிக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு எதிர்த்தரப்புச் சாட்சிக்கும் உண்டு என்று 1981இல் தூத்நாத் பாண்டே வழக்கில் சொல்லியாயிற்று. அலிபி பொய்த்துப்போனால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்பது இன்னும் பெரிய பிசகு. பொய்யான எதிர்வாதம், மற்றபடி முழுமையாக நிற்கும் சங்கிலிக்கு இன்னொரு கண்ணியாகலாமே ஒழிய, அறுந்த சங்கிலியை ஒட்டவைக்காது என்பது 1984இல் சாரதா வழக்கின் தீர்மானம்.

எதிரி தெரிந்தவரானால், அலிபி பெண்ணைப் பொய் சொல்லுகிறவளாக்குகிறது. முன்பின் அறியாதவரானால், அவள் கண்ணையும் ஞாபகத்தையும் மட்டுமே அது கேள்வி கேட்கிறது. சத்தியசந்தையான பெண் தவறாகவும் சொல்லக்கூடும் என்பதை ஏற்க மனம் கூசுகிறவர்களுக்கு, அமெரிக்காவில் வட கரோலினாவின் பர்லிங்டன் நகரத்து வழக்கு ஒன்று உண்டு. 1984 ஜூலையில் ஒரே இரவில் இரண்டு பெண்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒரு மாணவி, அக்கிரமக்காரன் முகத்தை மறக்கக்கூடாதென்று அந்த வேதனையிலும் உற்று உற்றுப் பார்த்து வைத்திருந்தாள். புகைப்படங்களிலும் பிறகு அணிவகுப்பிலும் ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினாள். காட்டன் தாம் வேறிடத்தில் இருந்ததாகச் சொன்னார். விசாரித்தபோது அது முந்திய வாரக் கடைசியின் கதை என்று தெரிந்தது. வாரத்தைக் குழப்பிக்கொண்ட மனிதர், பொய்யர் ஆனார். வீட்டில்தான் தூங்கினார் என்று வீட்டார் சொன்னது எடுபடவில்லை. 1985இல் தண்டனை.

அப்பீலில் மாகாண சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துசெய்தது. காரணம், இரண்டாவது பெண் அணிவகுப்பில் வேறொருவரைக் காட்டியதை ஜூரிகள் கேட்கவிடாமல் செய்திருந்தார்கள். 1987இல் மறு விசாரணை வந்தது. சிறையில் இருந்த பாபி பூல் என்ற மற்றொரு கைதி, இதெல்லாம் தன் வேலை என்று சகாக்களிடம் சொல்லியிருந்ததனால், ஜூரிகள் இல்லாத வேளையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள், தெரியாது என்றார்கள். அந்தச் சங்கதி ஜூரிகளின் காதுக்கே போகவில்லை. இந்த முறை இரண்டாவது பெண்ணும் காட்டனையே காட்டினாள். இரண்டு குற்றத்துக்கும் தண்டனை, ஆயுளும் அதற்குமேல் 54 வருஷமும்.

1995இல் டி.என்.ஏ. பரிசோதனை அந்த இரவில் வந்தவன் பூல் என்று காட்டியது. பத்து வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்த காட்டன் வெளியே வந்தார். அந்த மாணவி கூண்டில் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. காட்டன் போலீசாரிடம் சொன்ன வாரக் கடைசி தவறு. அந்தப் பெண்கள் தாக்கப்பட்ட இடத்தில் அவர் இல்லை என்பது மட்டும் சரியாக இருந்தது.