பிரேக்கர் விழுந்தா கோபப்படாதீங்க



குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தவன் நான். அதனால் ஒரு லயத்துக்கு கரண்ட் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இப்போதெல்லாம் வீடு பார்க்க வந்தால், முதலில் என் கண் போவது மீட்டர் இருக்கிற பலகைக்குத்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கு.

சில வருஷத்துக்கு முன் ஒரு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் கொழும்பில் வேலை செய்து கேத்தல், ரைஸ் குக்கர் எல்லாம் வாங்கி வந்திருந்தான். "விடியக்காலையில பெரட்டுக்கு போற அவசரத்துல எல்லாத்தையும் போட்டா பிரேக்கர் விழுந்துக்கிட்டே இருந்திச்சுங்க ஐயா. மகன் பெரிய பிரேக்கரா ஒன்னு வாங்கி மாட்டிட்டான். இப்ப விழுறதே இல்ல" என்றார். நானும் "நல்லதாப் போச்சு" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அதே வருஷம் அந்த லயத்தில் நாலு காம்பரா எரிந்தது. விடியக்காலை, எல்லோரும் எழும்பியிருந்த நேரம் என்பதால் உயிர் தப்பியது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சோதனைக்குப் படித்த பிள்ளையின் புத்தகம், எல்லாம் போனது. அன்றைக்கு நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக்கர் இருப்பது கேத்தலைக் காப்பாற்ற இல்லை. சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழேயும் ஓடுகிற வயரைக் காப்பாற்றத்தான். வயருக்குத் தாங்கமுடியாத கரண்ட் ஓடினால் அது சூடாகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. மேலே இருக்கிற பிளாஸ்டிக் முதலில் இளகும், பிறகு கருகும். அதுக்கு முன்னாலேயே பிரேக்கர் விழவேண்டும்.

அந்த அண்ணன் வீட்டுக் கணக்கைப் பாருங்க. கேத்தல் 2000 வொட், ரைஸ் குக்கர் 700, இஸ்திரிப் பெட்டி 1000. மொத்தம் 3700 வொட். நமக்கு வருவது 230 வோல்ட். 3700ஐ 230ஆல் பிரித்தால் 16 அம்பியர். பிளக் பொயின்ட் இழுத்திருந்ததோ பல்ப் வயரில் இருந்து. அது 1/1.13 வயர், அதாவது 1.13 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே ஒரு கம்பி. குழாய்க்குள் போட்டால் சுமார் 11 முதல் 13 அம்பியர் வரைதான் அது தாங்கும். முதலில் இருந்த 6 அம்பியர் பிரேக்கர் விழுந்தது சரியான வேலை. பிறகு மாட்டியது 32. அந்த 32க்கு 16 அம்பியர் என்பது பாதி சுமைதான், அது ஏன் விழப்போகுது? முறுக்கி டேப் சுற்றிய மூட்டு இருந்தது பலகைக்குப் பின்னால். சூடு அங்கேதான் அதிகம்.

ஆகவே பல்புக்கு 1/1.13 வயர், 6 அம்பியர் பிரேக்கர். பிளக் பொயின்டுக்கு 7/0.67 வயர், அது 2.5 சதுர மில்லிமீற்றர். அதற்கு 16, மிஞ்சினால் 20. இரண்டையும் ஒரே பிரேக்கரில் மாட்டக்கூடாது. 32 அம்பியர் வேண்டுமென்றால் 7/1.04 வயர் வேண்டும், அது 6 சதுர மில்லிமீற்றர். 2.5 வயரை வளையமாகச் சுற்றி 32இல் போடுகிற முறையும் இருக்கு, ஆனால் அது படித்த வயர்மேன் செய்கிற கணக்கு. லயத்துக் காம்பராவுக்கு அது தேவையும் இல்லை.

இன்னொன்று. 16 அம்பியர் பிரேக்கர் 16ஐத் தாண்டிய உடனே விழாது. 18 அம்பியர் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருக்கும். அதனால் "ஒரு சைஸ் பெருசா போட்டா என்ன" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க.

"எங்க வீட்டுல டிரிப் சுவிட்ச் இருக்கே ஐயா" என்று பலபேர் சொல்றாங்க. டிரிப் சுவிட்ச் பார்ப்பது வேறு. கரண்ட் உங்கள் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால் அது விழும். வயர் சுமை தாங்காமல் சூடாவது அதற்குத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

இன்னும் பழைய பியூஸ் வைத்திருக்கிற வீடும் இருக்கு. 5 அம்பியர் பியூசுக்கு 0.2 மில்லிமீற்றர் கம்பி, தலைமுடி மாதிரி மெல்லிசு. கையில் கிடைத்த 7/0.67 வயரில் ஒரு இழையை உருவிக் கட்டினால், அது 20 அம்பியருக்கு மேலே போனாலும் எரியாது. சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைத்ததையும் பார்த்திருக்கேன்.

பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுத்துக் கொடுப்பது பற்றிச் சொன்னால் சிலபேருக்குக் கோபம் வரும். கஷ்டத்துக்குக் கொடுக்கிறீங்க, புரியுது. ஒரு பல்புக்கு என்று இழுத்த வயர்தான், ஆனால் அங்கே கேத்தல் மாட்டினால் உங்களுக்குத் தெரியாது. தகரத்தின் ஓரம் வயரை வெட்டினாலும் தெரியாது. கூரை எல்லாருக்கும் ஒன்றுதான்.

பிரேக்கர் விழுந்தால் ஒரு சாமானைக் கழற்றிவிட்டுத் தூக்கிவிடுங்க. கேத்தல் கொதித்த பிறகு இஸ்திரி போடலாம். ஒன்றும் மாட்டாமலே விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காதீங்க, வயர்மேனைக் கூப்பிடுங்க. பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்தே பிரேக்கரின் முகத்தில் இலக்கம் தெரியும்: 6, 10, 16, 20, 32. சின்னக் கட்டத்துக்குள் 6000 என்று இருப்பது வேறு விஷயம், அதை விடுங்க. பிளக் பொயின்ட் சூடாக இருந்தாலோ, மஞ்சளாகிப் போனாலோ, பிளாஸ்டிக் கருகுற வாசம் வந்தாலோ, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே சொல்லி அனுப்புங்க.

அடுத்த முறை லயத்துக்கு வரும்போது டோர்ச்சும் கொப்பியும் கொண்டுவருவேன். உங்கள் வீட்டுப் பிரேக்கர் இலக்கத்தையும், எந்த வயரில் பிளக் இழுத்திருக்கு என்று உங்களுக்குத் தெரிந்ததையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்க. 32 என்று இருக்கிற வீடுகளுக்குத்தான் முதலில் வருவேன்.